பரண் மேல் கிட்டப்பா

பழைய இசைத்தட்டுகளை வீட்டிலேயே டிஜிட்டலாக மாற்றலாம். எப்படி, எதற்கு, எதைச் செய்யவே கூடாது?

இரவு பதினொன்றரை. கும்பகோணத்தில் சித்தி வீட்டுக் கூடம். மின்விசிறியை நிறுத்தியாகிவிட்டது. வாசல் கதவைச் சாத்தி, மர மேஜையின் நாலு கால்களுக்கு அடியிலும் மடித்த கோணிச்சாக்கு வைத்திருக்கிறோம். தெருவில் லாரி போனால் அந்த அதிர்வுகூட முள்ளில் ஏறிவிடும். அதனால்தான் ஊர் அடங்கும்வரை காத்திருந்தோம். மேஜைமேல் ரெக்கார்டு பிளேயர். அதற்குப் பக்கத்தில் சார்ஜரைப் பிடுங்கிவிட்ட லேப்டாப்.

பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில் முப்பத்தேழு தட்டுகள். மேலாகக் கிடந்தது கனமான கறுப்புத் தட்டு. லேபிளின் ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தாலும் பெயர் படிக்கக் கிடைத்தது. எஸ்.ஜி.கிட்டப்பா.

"பாத்துடா, கீழ விட்டா அப்பளமா நொறுங்கிடும். உங்க சித்தப்பா எங்க யாரையும் தொடவே விட மாட்டார்" என்றார் சித்தி.

முள்ளை இறக்கினேன். எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல முதலில் பொரியல் சத்தம். லேப்டாப் திரையில் பச்சைக் கோடுகள் துள்ளின. பிறகு ஹார்மோனியம், அதன்மேல் ஏறி நிற்கிற அந்தக் குரல். மூன்று நிமிடம் சொச்சம். தட்டு முடிந்து முள் உள்வட்டத்தில் உரசிக்கொண்டிருந்தது. நான் கோப்புக்குப் பெயர் கொடுத்துச் சேமித்தேன். சித்தி கேட்டார்: "இனிமே இந்தத் தட்டு உடைஞ்சாலும் பரவாயில்லையாடா?"

இன்று தமிழ்நாட்டில் பல வீடுகளில் கேட்கப்படும் கேள்வி இது. என் பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், அந்த மூன்று நிமிடத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பதைப் பார்க்க வேண்டும்.

குரல் இருந்தது தட்டில் மட்டும்

செங்கோட்டைக் கிட்டப்பா 1906இல் பிறந்து, 1933இல் இருபத்தேழு வயதில் மறைந்தவர். தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வந்துவிட்டது என்றாலும் அவர் திரையில் தோன்றவே இல்லை. நாடக மேடையை ஆண்ட அந்தக் குரலை இன்று நாம் கேட்கிறோம் என்றால் அதற்கு ஒரே காரணம் கிராமபோன் தட்டுதான். தியாகராஜரின் 'எவரனி' கிருதியை அவர் பாடிய தட்டைப் பற்றி மூன்று தலைமுறையாகச் சங்கீத ரசிகர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கிட்டப்பா புகழ்பெற்றவர் என்பதால் அவர் தட்டுகளைத் தேடிக் காப்பாற்றினார்கள். அவர் காலத்தில் மேடையேறிய பபூன் நடிகர்கள், ஹார்மோனியக் கலைஞர்கள், கதாகாலட்சேபக்காரர்கள், ஊருக்குள் மட்டும் பேர் பெற்ற நாகஸ்வர வித்வான்கள்? அவர்களும் ஒன்றிரண்டு தட்டுகள் கொடுத்திருக்கிறார்கள். அவற்றை யாரும் சி.டி.யாகப் போடவில்லை. எந்தச் செயலியிலும் அவை கிடைக்கவில்லை. விற்கக்கூடியதைத்தான் கம்பெனிகள் மறுபடி வெளியிட்டன. வியாபாரம் அப்படித்தான் நடக்கும். விற்காதது எங்கே இருக்கிறது? யாரோ ஒருவர் வீட்டுப் பரணில்.

நம் நாட்டில் தட்டுக்கென்று பாட்டுப் பதிவுசெய்யத் தொடங்கியது 1902இல். கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாட, கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கைஸ்பெர்க் பதிவு செய்தார். சென்னையில் 1930களில் ஏ.வி.மெய்யப்பனும் கூட்டாளிகளும் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் தட்டுகளைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. அரக்கில் செய்த 78 சுற்றுத் தட்டின் ராஜ்யம் அது. 1948இல் அமெரிக்காவில் வினைல் எல்.பி. வந்தது. இங்கே அது பரவியபோது 'திருவிளையாடல்' கதைவசனமும், எம்.எஸ்.சுப்புலட்சுமியின் சுப்ரபாதமும், நாகூர் ஈ.எம்.ஹனிபாவின் பாடல்களும் வீடு வீடாகவும், ரேடியோ செட் கட்டுகிறவர்களின் கூம்புக் குழாய் வழியாக ஊர் ஊராகவும் ஒலித்தன. கேசட் வந்தது, தட்டு பரணேறியது.

இப்போது அது இறங்குகிறது. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு, 1987க்குப் பிறகு முதன்முறையாக, சி.டி.யைவிட வினைல் தட்டு அதிக எண்ணிக்கையில் விற்றது. அந்த மோகம் நம் ஊர் இளைஞர்களையும் தொட்டிருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் பெட்டிகள் இறங்குவதற்குப் பெரிய காரணம் வேறு. தாத்தா பாட்டி காலமாகிறார்கள். ஓட்டு வீடு இடிபட்டு அடுக்குமாடி வருகிறது. அடுக்குமாடியில் பரண் கிடையாது.

■ பெட்டிச் செய்தி: உங்களிடம் இருப்பது எந்தத் தட்டு?

78 சுற்று: கனமானது, விழுந்தால் உடையும். பெரும்பாலும் அரக்குக் கலவை. 10 அங்குலத் தட்டில் பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிடம்.

45 சுற்று: 7 அங்குலம். இரண்டு அல்லது நான்கு பாடல்கள். நம் ஊரில் 'இ.பி.' என்றே பெயர்.

33⅓ சுற்று: 12 அங்குல எல்.பி. பக்கத்துக்கு ஏறக்குறைய 20 நிமிடம். அந்த 20 நிமிடத்தில் முள் தடத்தில் ஓடும் தூரம் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர்.

எல்லாம் முள்ளில் ஆரம்பிக்கிறது

டிஜிட்டலாக மாற்றுவது என்றதும் பலரும் கம்ப்யூட்டரைத்தான் நினைக்கிறார்கள். உண்மையில் பாதி வேலை கம்ப்யூட்டருக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. முள் சரியில்லை என்றால் அதற்குப் பிறகு எவ்வளவு பணம் கொட்டினாலும் ஒலி தேறாது.

எல்.பி.யின் தடம் மெல்லியது. அதற்கான முள்ளின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான். 78 சுற்றுத் தட்டின் தடம் அகலமானது. அதற்கு வேண்டிய முள் சுமார் 75 மைக்ரான், நாலு மடங்கு பெரியது. எல்.பி. முள்ளை 78 தட்டில் இறக்கினால் தடத்தின் அடியில், தூசியும் தேய்மானமும் சேர்ந்த குப்பையில் அது உருளும். இரைச்சல்தான் வரும். மாற்றிச் செய்தாலோ எல்.பி. தடமே கெட்டுப்போகும். புதிதாக வாங்கும் பிளேயர் பலவற்றில் 78 வேகம் இருக்கிறது, 78 முள் இருப்பதில்லை. அதைத் தனியாக வாங்க வேண்டும். வாங்குங்கள். இந்த ஒரு செலவில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வீட்டில் இருக்கிற பழைய பிளேயரிலேயே ஓட்டிப் பதிவு செய்யலாமே என்று பலர் கேட்கிறார்கள். சித்தப்பாவின் பெட்டி பிளேயரும் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காலத்துப் பெட்டி பிளேயர்கள் பலவற்றில் இருந்தது கிரிஸ்டல் வகை கார்ட்ரிட்ஜ், அதாவது முள்ளின் அசைவை மின்சாரமாக்கும் பாகம். அதற்குள் இருக்கும் உப்புப் படிகம் ஈரக்காற்றில் செத்துவிடும். நம் கடலோர ஊர்களில் முப்பது நாற்பது வருடம் சும்மா கிடந்தால் சொல்லவே வேண்டாம். உயிரோடு இருந்தாலும் அதன் முள் தட்டில் அழுத்தும் பாரம் அதிகம். இன்றைய நல்ல பிளேயர் இரண்டு கிராம் அளவில் அழுத்தும். சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோனின் தலையோ நூறு கிராமுக்கு மேல். அந்த இரும்பு முள்ளை எல்.பி.மேல் வைத்தால் ஏர் உழுததுபோல் ஆகிவிடும். பழைய பிளேயரை நினைவுப் பொருளாக வையுங்கள், பதிவுக்கு வேறு எடுங்கள்.

டிஸ்டில்டு வாட்டரும் மெல்லிய துணியும்

பெட்டியில் இருந்த எல்.பி. தட்டுகளில் பாதிக்கு மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தன. பூஞ்சை. நம் ஊர்த் தட்டுகளின் முதல் எதிரி கீறல் அல்ல, இதுதான். உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் தூசியைத் தடத்துக்குள் தேய்த்து இறக்குவோம்.

பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. ஒரு கிண்ணத்தில் அதை எடுத்து, பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டே சொட்டு விட்டு, பஞ்சில்லாத மெல்லிய துணியை நனைத்துத் தடம் போகிற திசையிலேயே வட்டமாகத் துடைத்தோம். குறுக்கே துடைக்கக் கூடாது. லேபிள் நனையாமலிருக்க நடுவில் பிளாஸ்டிக் மூடி ஒன்றைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார் சித்தி. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் மறுபடி ஒரு துடைப்பு. பாத்திரம் உலர்த்தும் கம்பித் தட்டில் நிறுத்தி நிழலில் காயவிட்டோம். முதல் தட்டைத் துடைத்து முடிக்கும்போது கிண்ணத்துத் தண்ணீர் வடித்த காபி நிறத்தில் இருந்தது.

ஒரு எச்சரிக்கையை மறக்கவே கூடாது. எல்.பி.யைச் சுத்தம் செய்ய விற்கப்படும் பல திரவங்களில் ஆல்கஹால் உண்டு. அரக்குத் தட்டில் அது ஒரு சொட்டும் படக்கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். தச்சர்கள் ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துத்தான் பாலிஷ் தயாரிக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டால் போதும். 78 தட்டுக்குத் தண்ணீரும் குறைவாக, வேகமாகத் துடைத்து உடனே ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும்.

தகரச் சத்தம் ஏன் வருகிறது?

இன்றைய கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் மின்சாரம் மிக மிக மெல்லியது, சில மில்லிவோல்ட். அதை நேராக லேப்டாப்பின் மைக் துளையில் செருகினால் சத்தம் வரத்தான் செய்யும். தகர டப்பாவுக்குள்ளிருந்து பாடுவதுபோல் வரும். அடித்தொனி காணாமல்போய் மேல்தொனி மட்டும் கீச்சிடும். பலர் 'தட்டு போச்சு' என்று முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான்.

தட்டு போகவில்லை. தட்டு வெட்டும்போதே ஒலியை மாற்றித்தான் வெட்டுகிறார்கள். கனமான அடித்தொனியை அப்படியே பதித்தால் தடம் பெரிதாக வளைந்து பக்கத்துத் தடத்தில் முட்டும். ஆகவே அதைக் குறைத்துவிடுவார்கள். மேல்தொனி தட்டின் இரைச்சலில் மூழ்கிவிடும் என்பதால் அதை ஏற்றிவிடுவார்கள். ஓட்டும்போது இதைத் தலைகீழாகத் திருப்பி, இருந்த இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். 1954இல் பொது விதியான இந்தக் கணக்குக்கு ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என்று பெயர். காது கேட்கும் ஒலியின் இரண்டு எல்லைகளிலும் ஏறக்குறைய 20 டெசிபல் திருத்தம். இந்தத் திருத்தத்தையும் ஒலிப்பெருக்கத்தையும் சேர்த்துச் செய்கிற சின்னப் பெட்டிதான் போனோ பிரீஆம்ப்.

சில பிளேயர்களுக்குள்ளேயே இது இருக்கிறது, யு.எஸ்.பி. கம்பியோடு வருபவற்றில் நிச்சயம் இருக்கும். வெளியே ஒரு பிரீஆம்பும் சேர்த்துவிட்டால் திருத்தம் இரண்டு முறை நடந்து எல்லாம் கொழகொழவென்று உறுமும். பிளேயரின் பின்புறம் 'போனோ', 'லைன்' என்று ஸ்விட்ச் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிளேயரிலிருந்து வரும் மெல்லிய எர்த் கம்பியைப் பிரீஆம்பில் மாட்டாவிட்டால் 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் முனகல் கேட்கும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டினால் மீதி முனகலும் பெரும்பாலும் அடங்கும். சித்தி வீட்டில் அப்படித்தான் அடங்கியது.

1954க்கு முந்தைய தட்டுகளில் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தது. ஆர்.ஐ.ஏ.ஏ. வழியாகப் பதிவு செய்த 78 தட்டைக் காதால் கேட்டுக்கேட்டுச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அதற்குப் பொறுமை வேண்டும்.

சிவப்புக் கோடு

சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுத் தட்டுகள் பன்னிரண்டைக் கடை ஒன்றில் கொடுத்து சி.டி.யாக மாற்றச் சொன்னேன். வாங்கிவந்து கேட்டபோது நெஞ்சு வலித்தது. குரல் உச்சத்துக்குப் போகும் இடமெல்லாம் கரகரவென்று கிழிந்திருந்தது. பதிவு அளவை ஏற்றிவைத்து, சிவப்புக் கோடு எரிய எரியப் பதிந்திருக்கிறார்கள். அந்தக் கிழிசலை எந்த மென்பொருளாலும் முழுதாகத் தைக்க முடியாது. தட்டுகள் கைக்குத் திரும்பியிருந்ததால் மறுபடி செய்ய முடிந்தது. சித்தியின் கேள்விக்கு என் பதில் அன்றே பாதி முடிவாகிவிட்டது.

டிஜிட்டலில் உச்சவரம்பு என்பது சுவர். அதற்கு மேல் போகும் ஒலி வெட்டப்படும். அதனால் தட்டில் சத்தம் மிகுந்த இடத்தை முதலில் ஓட்டிப் பார்த்து, கோடு அந்தச் சுவருக்கு 6 டெசிபல் கீழேயே நிற்கும்படி அளவை வையுங்கள். சத்தம் குறைவாக இருக்கிறதே என்று பதற வேண்டாம், பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

பதிவுக்கு ஆடாசிட்டி போதும். இலவச மென்பொருள், பல ஆயிரம் பேர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். தட்டின் ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் பதிந்து, பிறகு பாட்டு பாட்டாகப் பிரிக்கலாம். ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கமான ஐ.ஏ.எஸ்.ஏ. பரிந்துரைப்பது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், குறைந்தபட்சம் 48. வீட்டு வேலைக்கும் இதையே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஹார்ட் டிஸ்க் மலிந்துவிட்ட காலத்தில் இடத்துக்குக் கணக்குப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

■ பெட்டிச் செய்தி: 45 நிமிட எல்.பி. எவ்வளவு இடம் பிடிக்கும்?

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு: சுமார் 1.5 ஜி.பி.

சி.டி. தரம் (16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்): சுமார் 475 எம்.பி.

எம்.பி.3 (320 கே.பி.பி.எஸ்.): சுமார் 108 எம்.பி.

ஃபிளாக் வடிவம், வேவ் கோப்பை எந்த இழப்பும் இல்லாமல் சுருக்கும். மூட்டை கட்டிய நெல் அது. அவிழ்த்தால் ஒரு மணிகூடக் குறையாது. எம்.பி.3 தீட்டிய அரிசி. சாப்பிட வசதி, ஆனால் திரும்ப நெல்லாக்க முடியாது. நெல்லைக் களஞ்சியத்தில் வையுங்கள், அரிசியைக் கைப்பேசியில் வையுங்கள்.

பொரியலை அழிக்கலாமா?

இந்தக் கட்டுரையில் நான் அதிகம் வாதாட விரும்புவது இந்த இடத்தில்தான்.

பதிந்து முடித்ததும் எல்லோருக்கும் வரும் ஆசை, கரகரப்பைத் துடைத்து 'நேற்றுப் பாடியதுபோல்' ஆக்குவது. மென்பொருளில் அதற்குப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். ஆனால் மென்பொருள் நம் சங்கீதத்தைக் கேட்டு வளரவில்லை. திடீரென்று எழுந்து சட்டென்று அடங்கும் எதையும் அது கீறல் என்று நினைக்கக்கூடும். மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் கூர்மையான அடி எப்படி எழுகிறது? அதேபோல்தான். கஞ்சிரா, மோர்சிங், ஜால்ரா எல்லாம் அப்படியே. வடிகட்டியைக் கொஞ்சம் கூடுதலாகத் திருகினால் தனி ஆவர்த்தனத்தில் அடியின் கூர் மழுங்கிப்போகும். யாரோ மிருதங்கத்துக்குமேல் போர்வையைப் போர்த்தியதுபோல் கேட்கும்.

இரைச்சல் நீக்கியின் வேலை வேறு மாதிரி. பாட்டு தொடங்குமுன் வரும் வெற்றுத் தடத்தின் இரைச்சலை மாதிரியாகக் காட்டினால், அதைப்போல் மாறாமல் ஒலிப்பதை எல்லாம் அது குறைக்கிறது. நம் இசையில் மாறாமல் ஒலிப்பது எது? தம்புரா. சுருதிப் பெட்டி. ஒத்து. கூடுதலாகக் குறைத்தால் சுருதி விட்டுவிட்டு வரும். பாடகரின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழறும். நாகஸ்வரக்காரர் மூச்செடுக்கும் சத்தம் காணாமல்போகும். அந்த மூச்சு இல்லாமல் அது நாகஸ்வரமா?

என் பழக்கம் இது. பெரிய வெடிப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் நீக்குவேன். விரிசல் விட்ட 78 தட்டில் சுற்றுக்கு ஒரு வெடிப்பு, நிமிடத்துக்கு 78 வெடிப்பு. சித்தி வீட்டுத் தட்டு ஒன்றில் அப்படி இருநூற்றுக்கு மேல் நீக்க ஒரு மாலை பிடித்தது. மெல்லிய பொரியலைத் தொடுவதில்லை. இரண்டு நிமிடம் கேட்டால் காது அதை ஒதுக்கிவிட்டுக் குரலைப் பிடித்துக்கொள்ளும். பழைய மோனோ தட்டுகளுக்கு இன்னொரு நல்ல உத்தி உண்டு. ஸ்டீரியோவாகப் பதிந்து, பிறகு இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்தால் தடத்தின் மேல்கீழ் அசைவால் வரும் இரைச்சல் தானே கழிந்துவிடும். ஒரு பக்கம் அதிகம் தேய்ந்திருந்தால் நல்ல பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எது செய்தாலும் பிரதியில் செய்யுங்கள். முதலில் பதிந்த மூலப் பதிவைத் தொடவே கூடாது. நாளை இதைவிட நல்ல மென்பொருள் வரும், நம் பிள்ளைகள் நம்மைவிடத் திறமையாகச் செய்வார்கள். அவர்களுக்கு நாம் துடைத்து வெளுத்ததைக் கொடுத்தால் அவர்கள் செய்வதற்கு எதுவும் மிஞ்சாது.

கட்டை மாறினால் ஆளே மாறுவார்

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 78 சுற்று என்று சொல்லப்படும் பழைய தட்டுகள் எல்லாம் சரியாக 78இல் பதியப்பட்டவை அல்ல. கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் மாறினால் சுருதி அரைக் கட்டை மாறிவிடும். பாடியவரின் குரலே வேறாகத் தெரியும். அவர் இத்தனை கட்டையில் பாடினார் என்று நாம் பெருமையாகச் சொல்வதற்கு, பிளேயரின் ரப்பர் பெல்ட் காரணமாக இருந்துவிடக் கூடாது.

நாடகப் பாடல் தட்டுகளில் ஹார்மோனியம் இருப்பது ஒரு வசதி. அதன் கட்டைகள் நிலையானவை. பதிவின் சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கோ நின்றால் வேகத்தைச் சந்தேகிக்கலாம். அதே பாடகரின் வேறு தட்டுகளோடு ஒப்பிட்டு, மென்பொருளில் வேகத்தை மெல்லத் திருத்திப் பார்க்கலாம். என்ன திருத்தினோம் என்பதை எழுதியும் வைக்க வேண்டும். பிளேயரில் 78 வேகமே இல்லாதவர்கள் 45இல் ஓட்டிப் பதிந்து, கம்ப்யூட்டரில் 1.733 மடங்கு வேகம் கூட்டலாம். முள் மட்டும் 78க்கு உரியதாகவே இருக்க வேண்டும். தொனித் திருத்தம் இடம் மாறுவதால் அதையும் பிறகு சரிசெய்ய வேண்டிவரும்.

பெயரில்லாத பதிவு

ஒலியைப் பதிந்தவர்கள்கூடப் பெரும்பாலும் விட்டுவிடுவது லேபிளை. 'டிராக் 01', 'ஓல்டு சாங் 7' என்ற பெயரில் கோப்புகள் குவிகின்றன. பத்து வருடம் கழித்து அது யார் குரல் என்று சொல்ல வீட்டில் ஆள் இருக்காது.

தட்டின் இரண்டு பக்க லேபிளையும், உறையையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். பாடியவர், பாடல், ராகம், தாளம், பக்கவாத்தியம், கம்பெனி, தட்டு எண், எல்லாவற்றையும் லேபிளில் உள்ளபடியே எழுதுங்கள். லேபிளுக்கும் கடைசித் தடத்துக்கும் இடையே வழுவழுப்பான பகுதியில் கீறி எழுதிய எண் ஒன்று இருக்கும். பதிவின் சரித்திரத்தைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்களுக்கு உதவுவது அந்த எண்தான். சித்தப்பா தன் தட்டு உறைகளில் வாங்கிய தேதியையும் விலையையும் பென்சிலால் குறித்திருந்தார். ஒன்றின் மேல் 'கல்யாணத்துக்கு வந்தது' என்று மட்டும் இருந்தது. அதையும் படம் எடுத்துச் சேர்த்தோம். யார் கல்யாணம் என்று சித்திக்குத் தெரியும். அதை எழுதி வைத்தோம்.

■ பெட்டிச் செய்தி: சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி ஒலிப்பதிவுக்கு உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். 1960இல் வெளியான பதிவின் உரிமை 2020 முடிவோடு தீர்ந்தது.

பாடல் வரிக்கும் இசைக்கும் கணக்கு வேறு: படைத்தவர் மறைந்து 60 ஆண்டுகள். கண்ணதாசன் மறைந்தது 1981இல். அவர் வரிகளின் உரிமை 2041 முடியும்வரை நிற்கும்.

சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. இணையத்தில் ஏற்றுவதும் விற்பதும் சொந்த உபயோகம் ஆகாது.

தியாகராஜர் கிருதியைக் கிட்டப்பா பாடிய தட்டு போன்றவற்றில் இரண்டு உரிமையும் முடிந்துவிட்டன. அவற்றை ஊரறியப் பகிரலாம்.

மாற்றிய பிறகு என்ன ஆகிறது?

இனிதான் முக்கியமான விஷயம். டிஜிட்டலாக மாற்றியதும் பல வீடுகளில் நடப்பது ஒன்றே. தட்டுகள் வெளியேறுகின்றன. பழைய சாமான் வியாபாரி மொத்தமாக ஒரு விலை பேசி அள்ளிக்கொண்டு போகிறார். நல்ல உறையுள்ள சினிமா எல்.பி.க்கள் சேகரிப்பாளர் கைக்குப் போகும். நாடகத் தட்டும் பெயர் தெரியாத நாகஸ்வரத் தட்டும் சுவரில் மாட்டும் கடிகாரமாகின்றன. தட்டின் நடுவில் துளை ஏற்கெனவே இருக்கிறதல்லவா, கடிகார முள்ளைச் செருக வசதி. அப்படி ஒரு கடிகாரத்தை ஒரு காபிக் கடைச் சுவரில் பார்த்தேன். லேபிளைப் படிக்கக் கிட்டே போனேன். தமிழில் எழுதியிருந்தது. அன்று காபி இறங்கவில்லை.

தட்டை விற்ற வீட்டில் மிஞ்சியது ஒரு பென் டிரைவ். ஹார்ட் டிஸ்க் சில வருடங்களில் நின்றுபோகலாம். பென் டிரைவ் தொலையும். வீட்டில் எரித்த சி.டி.க்கள் பலருக்கு இன்று திறக்கவே மறுக்கின்றன. நூறு வயதைத் தொடும் அரக்குத் தட்டோ முள்ளை வைத்தால் பாடுகிறது. எது நீண்டகாலம் நிற்கும் பொருள் என்று நீங்களே சொல்லுங்கள். டிஜிட்டல் கோப்பு நிலைக்க வேண்டுமானால் அதற்கு ஆள் வேண்டும். இரண்டு டிஸ்க்கில், இரண்டு ஊரில் பிரதி வைத்து, சில வருடத்துக்கு ஒருமுறை புதிய டிஸ்க்குக்கு மாற்றிக்கொண்டே இருக்கிற ஆள். எங்கள் பிரதி ஒன்று கும்பகோணத்தில், ஒன்று சென்னையில், ஒன்று சித்தி மகளிடம் கோவையில்.

வீட்டில் வைத்துக் காக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த புத்தகங்களிலிருந்து 1994இல் உருவானது. இன்று கிராமபோன் தட்டுகளையும் காக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் அருகும் ஆவணங்களுக்கான திட்டம், இந்தியாவில் வெளியான ஓடியன் தட்டுகளைச் சேகரிப்பாளர்களிடமிருந்தே பெற்று டிஜிட்டலாக்கியது. கவனியுங்கள், சேகரிப்பாளர்களிடமிருந்து. ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒருவர் எறியாமல் வைத்திருந்ததால்தான் அது நடந்தது. தட்டைக் கொடுக்க மனமில்லாவிட்டால் பட்டியலையாவது இத்தகைய இடங்களுக்கு அனுப்புங்கள். உங்களுக்குச் சாதாரணமாகத் தெரியும் தட்டு அவர்களிடம் இல்லாததாக இருக்கலாம்.

இந்த வேலைக்கு நேரம் ஆகும். ஒலி தன் வேகத்தில்தான் ஓடும். நூறு எல்.பி. என்றால் ஓட்டுவதற்கு மட்டும் எழுபது மணி நேரம், துடைக்கவும் பிரிக்கவும் எழுதவும் அதைப்போல் இரண்டு மடங்கு. எங்களுக்கு முப்பத்தேழு தட்டுகளுக்கே ஆறு வார இறுதிகள் ஆயின. எல்லாவற்றையும் செய்ய முடியாதவர்கள், இணையத்தில் தேடிப் பார்த்துக் கிடைக்காதவற்றை முதலில் செய்யட்டும். 'திருவிளையாடல்' வசனம் எங்கும் போகாது. உங்கள் ஊர்க் கோயில் நாகஸ்வரக்காரரின் ஒற்றைத் தட்டு போனால் போனதுதான்.

சித்திக்கு நான் சொன்ன பதில்: "பரவாயில்லைன்னு சொல்ல மாட்டேன் சித்தி. லேப்டாப்ல இருக்கறது நிழல். தட்டும் இருக்கணும்." அவர் தட்டைப் புதிய காகித உறையில் போட்டார். தகரப் பெட்டி மறுபடி பரணுக்குப் போகவில்லை. இப்போது அது வெயில் படாத உள்ளறை அலமாரியில் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் பெட்டி இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்கள். பிளேயர் வாங்குவது, முள் தேடுவது எல்லாம் மெல்ல ஆகட்டும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடக்கும் தட்டுகளை நிமிர்த்தி, புத்தகம் அடுக்குவதுபோல் நிற்கவையுங்கள். வளைவதும் உடைவதும் குறையும். ஒவ்வொரு லேபிளையும் கைப்பேசியில் படம் எடுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்து, எந்தத் தட்டு எப்படி வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.